பத்துக்கு மேல் இருந்தால் போதும்

அன்று தையல் வகுப்பு அறையில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

டாக்டரம்மா. மதுரையிலிருந்து வருகிறவர். கல்லீரலைப் பிடிக்கும் காமாலைக் கிருமியை ஆராய்ச்சி செய்கிறவர்.

அவரோடு வரும் பெண். ரத்தம் எடுப்பது அவள்தான்.

தையல் சொல்லிக்கொடுக்கும் கன்னியாஸ்திரி அம்மா. அவருக்கு அங்கே வேலை இல்லை. கத்தரிக்கோலை மறந்து வைத்துவிட்டேன் என்று வந்தார். எடுத்த பிறகும் போகவில்லை.

என் மனைவி.

அவள் மடியில் எங்கள் பிள்ளை. பெண் பிள்ளை. நடக்க ஆரம்பிக்கவில்லை, பிடித்துக்கொண்டு நிற்பாள்.

மைத்துனன். மனைவிக்குத் தம்பி. அவன் அறைக்குள் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே பூவரச மரத்தடியில் நின்றான். அவனையும் இருந்தவர்களில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நான்.

என் மனைவியின் உடம்பில் அந்தக் கிருமி இருக்கிறது. பிள்ளைக்கும் அது போயிருக்கிறதா இல்லையா என்று டாக்டரம்மா சொல்லப்போகிறார். அதற்காகத்தான் எல்லாரும் அங்கே இருந்தோம்.

நான் மீன் கம்பெனியில் ஐஸ் உடைக்கிறவன். ஐந்தாவதுவரை படித்தேன். ஐஸ் பாரை மெஷினில் விட்டு நொறுக்கி, பெட்டிக்கு இரண்டு வாளி கொட்டுவது என் வேலை. மைத்துனன் பெட்டி கட்டுவான், எண்ணுவான். லாரியில் ஏறும் ஒவ்வொரு பெட்டிக்கும் சத்தமாக எண் சொல்வான். பாம்பன் பக்கமிருந்து காற்று நன்றாக அடித்தால் அவன் எண்ணுவது கோயில்வரை கேட்கும். பங்குச் சாமியார் ஒருமுறை ஆள் அனுப்பி, பூசை நேரத்தில் மட்டும் மெதுவாக எண்ணச் சொன்னார்.

டாக்டரம்மாவை முதலில் பார்த்தது அவன்தான். கையில் ஒரு பெட்டியோடு கம்பெனி வாசலில் வந்து நின்றார்.

"ஐஸ் கிடைக்குமாங்க?"

"என்ன மீனு?"

"மீன் இல்ல தம்பி. ரத்தம்."

"எந்த மீனு ரத்தம்?"

"மனுசங்க ரத்தம்."

அவன் தூக்கிய பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "மச்சான், நீங்க வந்து பேசுங்க. இது நம்ம லோடு இல்ல."

நான் போனேன். கோயிலின் பழைய தையல் வகுப்பு அறையில் அவர்கள் ரத்தம் எடுக்க ஆரம்பித்திருந்தார்கள். தையல் மெஷின்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு, ஒரு மேசையில் ரத்தத்தைச் சுற்றும் மெஷினை வைத்திருந்தார்கள். சுற்றினால் சிவப்பு அடியில் போய்விடும். மேலே கஞ்சித் தெளிவு மாதிரி ஒன்று நிற்கும். அதைச் சின்னக் குழாயில் எடுத்து மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும். மதுரையிலிருந்து கொண்டுவந்த ஐஸ் அன்று வழியிலேயே தீர்ந்துபோயிருந்தது.

"கல்லா உறையணும். எவ்வளவு குளிரா இருக்கோ அவ்வளவு நல்லது. உப்பு இருக்கா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

உப்பு இருந்தது. தூரத்து லாரிக்குக் கணவாய் மீன் போனால் நாங்களும் உப்புப் போடுவோம். பொடி ஐஸ், உப்பு, பொடி ஐஸ், உப்பு என்று அடுக்கினேன். மைத்துனன் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தான். டாக்டரம்மா குளிர் பார்க்கும் கம்பி ஒன்றை உள்ளே விட்டுப் பார்த்து, "நல்லாருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை வருவார். ஐஸ் எங்களிடம்தான். அவர் தலை தெரிந்தாலே மைத்துனன் கத்துவான். "மச்சான், ரத்த லோடு வந்திருச்சு. உப்பை எடுங்க."

வீட்டில் யாராவது கல்லீரல் கெட்டுச் செத்திருந்தால் அந்த வீட்டு ஆட்களிடம் ரத்தம் எடுப்பார்கள். என் மாமியார் அப்படித்தான் போனார். வயிறு வீங்கி. எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே. அதனால் என் மனைவியும் மைத்துனனும் ரத்தம் கொடுத்தார்கள். மாமனாரும் இல்லை, மற்றவர்களும் இல்லை. இவர்கள் இரண்டு பேர்தான்.

அடுத்த மாதம் டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். நானும் இருந்தேன்.

"அக்கா உடம்புல கிருமி இருக்கு. சத்தம் போடாமக் குடியிருக்கு. பயப்பட வேண்டாம், ஆனா வருசத்துக்கு ரெண்டு தடவை பாத்துக்கணும். தம்பி உடம்புல அது வந்துட்டுப் போயிருக்கு. வந்த தடம்தான் இருக்கு, அது இல்ல. உங்க உடம்பே சண்டை போட்டு விரட்டிருச்சு."

"நானா?" என்றான் மைத்துனன். "எனக்கே தெரியாதே."

"ஏலே, உன் வாய்க்குப் பயந்து ஓடிருக்கும்" என்றாள் என் மனைவி.

டாக்டரம்மா சிரித்தார். பிறகு, "ரெண்டு பேருக்கும் ஒரே தாய். ஒரே சோறு, ஒரே தண்ணி. ஒரு உடம்பு அதை வச்சுக்குது, ஒரு உடம்பு வெளிய தள்ளிருது. ஏன்னுதான் தேடிக்கிட்டிருக்கேன்" என்றார்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"கொஞ்சம்."

மைத்துனன் அன்று கம்பெனி முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தான். தான் ஜெயித்தவன் என்று. ஆனால் சாயங்காலம் அக்காவுக்கு நண்டு வாங்கிக்கொண்டு வந்தான். கொடுத்துவிட்டு நிற்காமல் போனான். தன்னை விட்டுப் போனது அவளை விட்டுப் போகவில்லையே என்று அவனுக்கு வருத்தம் இருந்தது. அவன் சொல்லவில்லை. நண்டைப் பார்த்தால் தெரிந்தது. ஒவ்வொன்றும் கை அகலம்.

எனக்கும் பார்த்தார்கள். எனக்கு இல்லை. மாதம் விட்டு மூன்று தடுப்பூசி போட்டார்கள். கையில் வலி இருந்தது. மறுநாள் வேலைக்குப் போனேன்.

என் மனைவி நண்டு கம்பெனியில் சதை எடுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஓடு விரலைக் கிழிக்கும். கிழிந்த கையோடு பத்துப் பேர் உட்கார்ந்து எடுக்கும் இடம் அது. யாரும் போகாதே என்று சொல்லவில்லை. அவளே நின்றுவிட்டாள். ஊரில் விசாரித்தார்கள். காமாலை என்றால் கண் மஞ்சளாக இருக்க வேண்டும், இவள் கண் வெள்ளையாகத்தானே இருக்கிறது என்றார்கள். சாயல்குடிப் பக்கத்திலிருந்து அத்தை ஒருத்தி கீழாநெல்லி அரைத்துக்கொண்டு வந்தாள். மனைவி குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கொடுத்தாள். அத்தையின் மனது நோகக் கூடாது என்றாள்.

அவள் உண்டானபோது டாக்டரம்மாவுக்குத்தான் முதலில் சொன்னோம். அவர் முகத்தில் சந்தோஷமும் யோசனையும் ஒன்றாக வந்தது.

"வயித்துல இருக்கும்போது பெரிசா பயமில்ல. பிறக்குற நேரம்தான் முக்கியம். அப்பத்தான் அம்மா ரத்தம் பிள்ளை மேல படும். பச்சைப்பிள்ளை உடம்புக்குச் சண்டை போடத் தெரியாது. அப்பப் புகுந்துச்சுன்னா அங்கயே தங்கிரும். உங்க அம்மாகிட்ட இருந்து உங்களுக்கு அப்படித்தான் வந்திருக்கும்."

மனைவி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, "என்ன செய்யணும்?" என்றாள்.

கடைசி மூன்று மாதம் அவளுக்கு மாத்திரை. பிள்ளை பிறந்ததும் இரண்டு ஊசி. ஒரு தொடையில் ஒன்று, மறு தொடையில் ஒன்று.

"ஒண்ணு தடுப்பூசி. அது எல்லா ஆஸ்பத்திரியிலயும் இருக்கும். அது பிள்ளை உடம்புக்குச் சண்டை போடக் கத்துக்குடுக்கும். ஆனா கத்துக்க நாளாகும்ல? அதுவரைக்கும் காவலுக்கு இன்னொரு ஊசி. அது, காப்பு இருக்குற ஆளுங்க ரத்தத்துல இருந்து எடுக்குறது. இரவல் படைன்னு வச்சுக்கங்க. பிறந்து பன்னண்டு மணி நேரத்துக்குள்ள போட்டுரணும். சீக்கிரம் போட்டா இன்னும் நல்லது."

இரண்டாவது ஊசி எல்லா இடத்திலும் கிடைக்காது. டாக்டரம்மா மதுரையில் சொல்லிவைத்திருந்தார். போய் வாங்கிவர ஆள் வேண்டும். மைத்துனன், "நான் போறேன். மதுரை எனக்குத் தெரியும்" என்றான். அவனுக்கு மதுரையில் ஒரு பரோட்டாக் கடை தெரியும்.

அவன் மதுரைக்குப் போன அன்று சாயங்காலமே மனைவிக்கு வலி வந்துவிட்டது. சொன்ன நாளுக்கு முன்பே. நான் அவளை ராமநாதபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் எங்களை வழியில் கடந்து ஊருக்குப் போயிருக்கிறான். எந்த இடத்தில் என்று தெரியாது. போனில் பேசினோம். காலை முதல் பஸ்ஸில் மருந்தோடு வருகிறேன் என்றான். சரி என்றேன்.

பிள்ளை காலையில் பிறந்தது. நர்ஸம்மா உடனே தடுப்பூசியைப் போட்டார். "இன்னொண்ணு எங்க?" என்று கேட்டார். "வந்துக்கிட்டிருக்கு" என்றேன்.

வந்தான். தோளில் பெட்டி. இறால் பெட்டியைத் தூக்குகிற மாதிரியே தூக்கி வந்தான். சாக்கால் சுற்றிக் கயிறு போட்டிருந்தான். வார்டில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அவன் முகம் கழுவியிருந்தான், தலை சீவியிருந்தான். பிள்ளையைப் பார்க்கத் தயாராக வந்திருந்தான்.

"மதுரையில ரெண்டே ரெண்டு நீல ஐஸ் பையை வச்சுக் குடுத்தான் மச்சான். அவனுக்கு ஐஸ் போடத் தெரியுமா? இங்கன வர்றதுக்குள்ள வேர்த்துருச்சு. நான் கம்பெனிக்குப் போயி எல்லாத்தையும் பிரிச்சு நம்ம முறையில அடுக்கிட்டேன். ராத்திரி பூராவும் கல்லு மாதிரி நின்னுச்சு." பிறகு நர்ஸம்மாவிடம், "தொட்டுப் பாருங்க, கை ஒட்டிக்கிரும்" என்றான்.

பெட்டியைத் திறந்தார்கள். குளிர்ப்புகை எழுந்தது. பொடி ஐஸ், உப்பு, பொடி ஐஸ், உப்பு. அவ்வளவு ஒழுங்காக நானே அடுக்கியிருக்க மாட்டேன். நடுவில் மருந்துக் குப்பி. நர்ஸம்மா அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். சாய்த்தார். உள்ளே இருந்தது சாயவில்லை. வெள்ளையாக உறைந்திருந்தது.

"இதை யாரு இப்படி வச்சது?"

"நான்தான்" என்றான். பாராட்டுக்குக் காத்திருந்த முகம்.

"இது உறையக் கூடாதுப்பா. ஜில்லுன்னு இருக்கணும், அவ்வளவுதான். உறைஞ்சா கெட்டுரும்."

"உருகிரும். வெயில்ல வச்சா இப்ப உருகிரும்."

"உருகினாலும் ஆகாது. இனிமே இதைப் போட முடியாது."

அவன் குப்பியையே பார்த்தான். பிறகு சட்டைக் கையை மேலே தள்ளினான். கையை நர்ஸம்மாவுக்கு முன்னால் நீட்டினான்.

"என் ரத்தத்துல இருக்கு. எங்கிட்ட வந்த கிருமியை என் உடம்பு விரட்டிருச்சு. டாக்டரம்மாவே சொல்லிருக்காங்க. இந்த மருந்து அதுலதான் எடுக்குறாங்க. எடுங்க. எவ்வளவு வேணும்னாலும் எடுங்க."

நர்ஸம்மா வயதானவர். எத்தனையோ பேரை அதட்டியிருப்பார். இவனை அதட்டவில்லை. "அப்படி எடுத்துக் குடுக்க முடியாதுப்பா. அதுக்குப் பெரிய பெரிய மெஷின் வேணும். கையை இறக்கு" என்றார்.

அவன் உடனே இறக்கவில்லை. நான் பிடித்து இறக்கினேன்.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். உறைந்துவிட்டது என்றேன். எப்படி என்று கேட்டார், சொன்னேன். பிறகு, "தடுப்பூசி போட்டாச்சா?" என்றார்.

"போட்டாச்சு."

"அது நல்லது. தாய்ப்பால் குடுக்கச் சொல்லுங்க, தயங்க வேண்டாம். ராமநாதபுரத்துல விசாரிங்க. நான் இங்க இன்னொண்ணு எடுத்துக்கிட்டு இப்பவே கெளம்புறேன்."

ராமநாதபுரத்தில் மருந்துக்கடை மருந்துக்கடையாக ஏறி இறங்கினேன். இல்லை.

மனைவி பிள்ளையை நெஞ்சோடு வைத்திருந்தாள். பால் கொடுத்தாள். தம்பி எங்கே என்று மட்டும் கேட்டாள். வெளியே சைக்கிள் நிறுத்தும் இடத்தில் அவன் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பெட்டி. ஐஸ் உருகி அவன் காலடியில் ஓடியது. அவன் நகரவில்லை. பிள்ளையை அவன் இன்னும் பார்க்கவில்லை.

மத்தியானம் டாக்டரம்மா வந்தார். அவ்வளவு தூரமும் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். புடவையில் ஈர வட்டம். உள்ளே இரண்டு நீலப் பை, அதற்குள் மடித்த துண்டு, துண்டுக்குள் மருந்து. நர்ஸம்மா சாய்த்துப் பார்த்தார். சாய்ந்தது. பிள்ளையின் மறு தொடையில் போட்டார். பிள்ளை அழுதது. அந்த அழுகை எனக்கு நிம்மதியாக இருந்தது.

பன்னிரண்டு மணி நேரக் கெடு தாண்டவில்லை. ஆனாலும் காலையிலேயே போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நர்ஸம்மா யாரிடமோ சொன்னதை மைத்துனன் கேட்டுவிட்டான்.

டாக்டரம்மா அவனைத் தேடிப் போனார். நானும் பின்னால் போனேன்.

"தம்பி, உப்புப் போட்டு அடுக்க யாரு சொல்லிக்குடுத்தா?"

"நீங்கதான்" என்றான். குற்றம் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில்.

"ஆமா. ரத்தத்தை உறைய வைக்கணும்னு சொன்னேன். மாசா மாசம் சொன்னேன். மருந்து உறையக் கூடாதுன்னு உங்ககிட்டச் சொல்லவே இல்ல. ஐஸ் போடுறவங்ககிட்ட மருந்தை வாங்கிவரச் சொல்றோமே, சொல்லணும்னு எனக்குத் தோணல. தப்பு என்னோடது."

"நீங்க ரத்தத்துக்குச் சொன்னீங்க. உப்பைப் பிள்ளை மருந்துக்குப் போட்டவன் நான்."

டாக்டரம்மா உருகிய தண்ணீரைத் தாண்டிப் போய் அவன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார்.

எப்போது தெரியும் என்று நான் கேட்டேன். பிள்ளைக்கு ஒன்பது மாதம் முடியட்டும் என்றார்.

"இப்பப் பாத்தா நாம போட்ட இரவல் படைதான் தெரியும். அது கொஞ்ச நாள்ல கலைஞ்சிரும். அதுக்கப்புறம் பிள்ளையோட சொந்தப் படை நிக்குதான்னு பாக்கணும். அதுவரைக்கும் மத்த தடுப்பூசி ஒண்ணும் விடாமப் போட்டுருங்க."

போட்டோம். ஒவ்வொரு தவணைக்கும் நான் வேலைக்குப் போகாமல் தூக்கிக்கொண்டு போனேன். கிராம நர்ஸம்மா குளிர்ப்பெட்டியைத் திறக்கும்போது உள்ளே எட்டிப் பார்ப்பேன். அவர் ஒருநாள், "என்ன, மீன் இருக்கான்னு பாக்குறீங்களா?" என்றார்.

அந்த மாதங்கள் மெதுவாகப் போயின.

மனைவி பால் கொடுத்தாள், குளிப்பாட்டினாள், தாலாட்டினாள். முகத்தில் முத்தம் கொடுக்க மாட்டாள். முத்தத்தால் ஒட்டாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அவளும் நம்பினாள். ஆனாலும் மாட்டாள். உள்ளங்காலில் கொடுப்பாள். பிள்ளை காலை இழுத்துக்கொண்டு சிரிக்கும். அதனால் எங்கள் பிள்ளைக்கு, யார் கொஞ்ச வந்தாலும் காலை நீட்டுகிற பழக்கம் வந்தது.

மைத்துனன் பேசுவதை விட்டுவிட்டான். கம்பெனியில் பெட்டியை வாய்க்குள்ளேயே எண்ணினான். லாரிக்காரர் இரண்டு முறை சண்டைக்கு வந்தார், எத்தனை ஏறியது என்று தெரியவில்லை என்று. கணக்கு சரியாகத்தான் இருக்கும். சத்தம் மட்டும் இல்லை. சாமியார் என்னிடம், "உங்க மச்சினனுக்கு உடம்பு சரியில்லையா? நான் பூசை நேரத்துல மட்டும்தானே மெதுவா எண்ணச் சொன்னேன்" என்றார்.

பிள்ளையை அவன் தூக்கவே இல்லை. வீட்டுக்கு வருவான். வாசலோடு சரி. பால் ஊறுவதற்குப் பால்சுறா நல்லது என்று வாங்கிவந்து கதவுக் கொண்டியில் மாட்டிவிட்டுப் போவான். வாரத்தில் பாதி நாள் பால்சுறாப் புட்டுத்தான். எனக்கும் அதுதான். எனக்குப் பால் ஊறி என்ன ஆகப்போகிறது.

ஞானஸ்நானத்துக்கு நாள் குறிக்கப் போனோம். ஞானத்தகப்பனாக நிற்க வேண்டியது மைத்துனன். அது முன்பே பேசியது. அவன் மாட்டேன் என்றான்.

"என் கையில வேணாம் மச்சான். வேற யாரையாவது நிறுத்துங்க."

"உங்கக்கா வேற ஆளுக்குச் சம்மதிக்க மாட்டா."

"பிள்ளைக்கு ஒண்ணும் இல்லைன்னு தெரியட்டும். அப்ப நிக்கிறேன்."

"இருந்துச்சுன்னா?"

அவன் வாளியை எடுத்துக்கொண்டு போனான்.

மனைவியிடம் சொன்னேன். அவள் தம்பியை வாசலில் பிடித்துக்கொண்டாள்.

"ஏலே, தாய்மாமன் தூக்காத பிள்ளைன்னு ஊரு பேசுது. தெரியுமா?"

"பேசட்டும்."

"உனக்குப் பயமா? பிள்ளைகிட்ட இருந்து உனக்கு ஒட்டிக்கிருமோ?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "அக்கா, அப்படிப் பேசாத."

"அப்பத் தூக்கு."

தூக்கவில்லை. அவள் கதவைச் சாத்தவில்லை. அவன் போகும்வரை பிள்ளையை அவனுக்குத் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு நின்றாள். ஞானஸ்நானத்தைத் தள்ளிவைத்தோம். சாமியார் இரண்டு முறை கேட்டார். அவளே போய்ப் பேசினாள். என்ன பேசினாள் என்று தெரியாது. அவர் பிறகு கேட்கவில்லை.

பிள்ளை தவழ ஆரம்பித்தது. அவன் வாசலில் நின்றால் நேராக அவனிடம்தான் போகும். ஒருநாள் அவன் கைலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டது. அதுதான் அது முதலில் நின்றது. அவன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, போலீஸ் பிடித்தவன் மாதிரி நின்றான். குனியவும் இல்லை, நகரவும் இல்லை. நகர்ந்தால் பிள்ளை விழும். "அக்கா, வந்து எடு. அக்கா" என்று கூப்பிட்டான். மனைவி உள்ளேதான் இருந்தாள். கேட்காத மாதிரி பாத்திரம் கழுவினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை தானாக உட்காரும்வரை அவன் அப்படியே நின்றான்.

ஒன்பது மாதம் முடிந்து டாக்டரம்மா வந்தார். தையல் மேசையில் பிள்ளையைப் படுக்கவைத்து ரத்தம் எடுத்தார்கள். சின்னக் கை. நரம்பு கிடைக்கவில்லை. இரண்டாவது முறை கிடைத்தது. பிள்ளை அழுதுகொண்டே காலை நீட்டியது. டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. மனைவி சொன்னாள். டாக்டரம்மா குனிந்து உள்ளங்காலில் ஒரு முத்தம் கொடுத்தார்.

ஜன்னல் வழியாக மைத்துனனின் குரல் வந்தது. "டாக்டரம்மா, உப்பா, வெறும் ஐஸா?"

இதற்கு முன் அவன் அப்படிக் கேட்டதில்லை.

"வெறும் ஐஸ்தான் தம்பி. நடுவுல துணி வச்சிருங்க. இதைச் சுத்தாம முழு ரத்தமாக் கொண்டுபோறேன், உறையக் கூடாது."

அன்று அவன்தான் பெட்டி கட்டினான். என்னைத் தொட விடவில்லை. ஐஸைப் பொடிக்காமல் கொஞ்சம் பெரிதாக உடைத்தான். தன் துண்டையே அலசி, பிழிந்து, நான்காக மடித்து வைத்தான். உள்ளே விரலை விட்டுப் பார்த்தான். எடுத்தான். மறுபடி விட்டுப் பார்த்தான். ஒரு லாரிக்குப் பெட்டி கட்டும் நேரம் அந்த ஒரு பெட்டிக்கு ஆயிற்று.

அடுத்த மாதம் முடிவோடு வருவதாகச் சொல்லிவிட்டு டாக்டரம்மா போனார். அந்த மாதம் நானும் கொஞ்சம் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்படித்தான் நாங்கள் எல்லாரும் அன்று தையல் அறையில் இருந்தோம். டாக்டரம்மா பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மனைவியைப் பார்த்தார்.

"ரெண்டு பரிசோதனை. முதல்ல, கிருமி இருக்கா இல்லையான்னு. இல்ல."

"இல்லைன்னா?" என்றாள் மனைவி.

"இல்லைன்னா இல்ல. உங்ககிட்ட இருந்து பிள்ளைக்குப் போகல."

கன்னியாஸ்திரி அம்மா கையில் கத்தரிக்கோலோடு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். மனைவி பிள்ளையை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்தாள். பிறகு, "இனிமே வந்துச்சுன்னா? எங்கூடத்தான இருக்கப்போறா?" என்றாள்.

"அதுக்குத்தான் ரெண்டாவது. பிள்ளையோட சொந்தப் படை. அதை எண்ணிப் பாத்திருக்கோம். பத்துக்கு மேல இருந்தாப் போதும், உங்க பக்கத்துலயே படுத்துத் தூங்கலாம்."

எண் என்ன என்று அவர் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உள்ள வாங்க. எண்ணுறது உங்க வேலைதானே."

அவன் வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றினான். கையைக் கைலியில் துடைத்தான். மறுபடி துடைத்தான். டாக்டரம்மா தாளை நீட்டினார். அவன் வாங்குவதற்கு முன்னால் மனைவி எழுந்து பிள்ளையை அவன் கையில் வைத்துவிட்டாள். அவனுக்கு வேறு வழி இல்லை. பிடித்துக்கொண்டான். பிள்ளை அவன் முகத்துக்கு நேரே காலை நீட்டியது.

மனைவி பிள்ளையின் பக்கமாகக் குனிந்தாள். காலுக்குப் போகவில்லை. கன்னத்தில் கொடுத்தாள்.

டாக்டரம்மா தாளை அவன் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். ஒரு இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். அவன் பார்த்தான். உதடு முதலில் வாய்க்குள்ளேயே அசைந்தது. பிறகு பழைய குரல் வந்தது. லாரியில் பெட்டி ஏற்றும்போது எண்ணுகிற குரல். கோயில்வரை கேட்டிருக்கும்.

"அறுநூத்தி நாப்பத்தி மூணு."